ஐந்து பத்தி, ஒரே மூக்கு

எங்கள் வீட்டுச் சாமி படத்துக்கு முன்னால் எந்தப் பத்தி எரிய வேண்டும் என்பதை இத்தனை வருஷமும் தீர்மானித்தவர் மளிகைக் கடைக்காரர். மாச சாமானோடு எதைப் போட்டுக் கட்டுகிறாரோ, அதுதான் அந்த மாதத்துக்கு எங்கள் பக்தியின் வாசனை. போன மாதம் அம்மா, “என்னடா இது, பினாயில் ஊத்தின மாதிரி நாறுது” என்று கேட்ட பிறகுதான் ஐந்து வகை வாங்கிவந்து ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்த்தேன்.

ஒரே அறை, பாதி திறந்த ஜன்னல், மாலை ஆறரை மணி, ஒரு நாளைக்கு ஒரே ஒரு பத்தி. அடுத்தடுத்து இரண்டு ஏற்றினால் மூக்கு மரத்துப்போய், இரண்டாவதற்கு நியாயம் கிடைக்காது. மார்க் மூன்று முறை: பாக்கெட்டைப் பிரிக்கும்போது, எரியும்போது, மறுநாள் காலை அந்த அறைக்குள் நுழையும்போது. கடைசி மார்க்கைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொண்டேன். பத்தி அரை மணி நேரத்தில் அணைந்துவிடும். திரைச்சீலையில் ஏறிய வாசனை அவ்வளவு சீக்கிரம் போகாது.

முதலில் மல்லிகை. பெயர் சொல்ல வேண்டாம். பளபளக்கும் பாக்கெட், கன்னங்கரேல் என்ற குச்சிகள். பிரித்ததுமே வீடு முழுக்கப் பூக்கடை. அந்தச் சுற்றில் பத்துக்கு ஒன்பது. ஒரு குச்சியை எடுத்து நியூஸ்பேப்பர் மேல் வைத்துவிட்டுத் தூங்கப்போனேன். காலையில் பார்த்தால் குச்சியின் நீளத்துக்கு எண்ணெய்க் கறை, பஜ்ஜி வைத்த காகிதம் மாதிரி. இது ‘முக்கியெடுத்த’ பத்தி. கரித்தூள், மரத்தூள், ஒட்டுவதற்கு ஜிகட் தூள் எல்லாம் பிசைந்து மூங்கில் குச்சியில் ஏற்றினால் வாசனையே இல்லாத கறுப்புப் பத்தி வரும். அதை வாசனை எண்ணெய்க் கலவையில் முக்கி உலர்த்தினால் மல்லிகை. வேறு கலவையில் முக்கினால் ரோஜா. 2019-இல் அரசு இறக்குமதிக்குக் கட்டுப்பாடு போடும்வரை இந்த வெற்றுப் பத்தி வியட்நாமிலிருந்து ஏராளமாக வந்துகொண்டிருந்தது. ஆக, வேறு வேறு பெயரில் நாம் வாங்கியதில் பலவற்றுக்கு உடம்பு ஒன்று, குளித்த தண்ணீர்தான் வேறு.

எரிய ஆரம்பித்ததும் மல்லிகை ஐந்தே நிமிஷத்தில் விடைபெற்றது. மிச்சம் கரிப்புகையும் மூங்கில் கருகும் நெடியும். மறுநாள் காலை அறையில் பழைய சிகரெட் வாடை. மூன்று மார்க், அதுவும் பாக்கெட்டுக்காக.

அடுத்தது சந்தனம். இதில் இரண்டை எதிரெதிரே வைத்தேன்: தெருமுனைக் கடையில் வாங்கிய பெயர் தெரியாத ஒன்று, கர்நாடக அரசு நிறுவனத்தின் மைசூர் சாண்டல். நிஜச் சந்தன எண்ணெய் கிலோ லட்சத்துக்கு மேல் போகிறது. சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் பாக்கெட்டில் அது எவ்வளவு இருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். தெருமுனைச் சந்தனம் எரியும்போது முகத்துக்குப் பூசும் பவுடர் மாதிரி இனித்தது. இரண்டாம் நாளே எனக்குத் தலைவலி. மைசூர் சாண்டலில் அந்தத் தித்திப்பு இல்லை. கொஞ்சம் மரம், கொஞ்சம் சோப்பு. அந்தச் சோப்பு எங்கள் குளியலறையிலேயே இருப்பதால் என் மூக்குதான் சோப்பை நினைத்துக்கொள்கிறதோ என்னவோ. ஏழு மார்க்.

மூன்றாவது நாக் சம்பா. ஸ்ரீநிவாஸ் சுகந்தாலயாவின் நீலமும் வெள்ளையுமான அந்தப் பெட்டியை உலகத்துக்கே தெரியும். நான் எடுத்தது அதே பாணியில் கையால் உருட்டிய இன்னொரு மசாலா பத்தி, அதாவது எண்ணெயில் முக்காமல் வாசனையை மாவிலேயே கலந்து செய்தது. பாக்கெட்டில் முகர்ந்தால் ஒன்றுமே இல்லை, பழைய மர அலமாரி மாதிரி இருந்தது. ஐந்து மார்க் போட்டு ஒதுக்கிவைத்தேன். விரலால் அழுத்தினால் லேசாக அமுங்குகிறது. கையில் பழுப்பு மாவு ஒட்டுகிறது. அந்த மென்மைக்குக் காரணம் மட்டிப்பால், அதாவது மட்டி மரத்துப் பிசின். காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் குணம் அதற்கு. தீக்குச்சி செய்வதும் இதே மரத்தில்தான். ஏற்றுகிற குச்சியும் எரிகிற பத்தியும் ஒரு மரத்துப் பிள்ளைகளாக இருக்கலாம் என்று நினைத்ததும் எனக்கு அதன்மேல் தனிப் பிரியம் வந்துவிட்டது.

எரிந்தபோது செண்பகம், கொஞ்சம் தேன், அப்புறம் மெதுவாக மரவாசனை. வாசனை முன்னேயே தீர்ந்துபோகாமல் கடைசி அங்குலம்வரை வந்தது, ஏனென்றால் இதில் மணமும் மாவும் சேர்த்தே பிசைந்தது. முக்கால் மணி நேரம் எரிந்தது. மறுநாள் காலை கதவைத் திறந்தால், யாரோ பூ வைத்துவிட்டு இப்போதுதான் எடுத்துப்போன மாதிரி. ஒன்பது மார்க். ஒரு மார்க் குறைத்ததற்குக் காரணம் உண்டு: மழை பெய்த இரண்டு நாளும் குச்சி ஈரத்தைக் குடித்துக்கொண்டு பாதியில் அணைந்தது. டப்பாவில் போட்டு மூடிவைக்க வேண்டும்.

மைசூரில் 1948-இல் ரங்கா ராவ் தொடங்கிய சைக்கிள் பிராண்டின் த்ரீ இன் ஒன்னைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் வீட்டிலும் எரிந்திருக்கும். ஒரே பாக்கெட்டில் மூன்று மணம். எனக்கு அது வாசனையே இல்லை, தாத்தா வீட்டு வாழைப்பழத்தில் குத்திவைத்த பத்தி. மார்க் போட எனக்குத் தகுதி கிடையாது.

கடைசியாக, கப் சாம்பிராணி. நம்மூரில் கம்ப்யூட்டர் சாம்பிராணி என்று பெயர் வைத்தவருக்கு ஒரு கும்பிடு. புகை அதிகம், நேரம் குறைவு. பத்தியோடு ஒரே தராசில் வைப்பது அநியாயம்தான். ஆனால் மூடிய அறையில் வேண்டவே வேண்டாம்; அம்மா இருமி இருமிக் கூடத்துக்கு ஓடிவந்தார். வெள்ளிக்கிழமை தலை குளித்த கூந்தலுக்குக் காட்டுவதென்றால் தணலில் தூவும் கட்டிச் சாம்பிராணிக்குப் பக்கத்தில் இது நிற்காது. நான்கு மார்க்.

இப்போது மாச லிஸ்ட்டில் வெறுமனே ‘ஊதுபத்தி’ என்று எழுதுவதில்லை. மசாலா பத்தி என்று எழுதி அடியில் கோடு போடுகிறேன். மல்லிகையில் இன்னும் பதினேழு குச்சி பாக்கி. கொல்லைப்புறத்தில் கொசுவுக்கு ஏற்றுகிறோம். கொசுவுக்கு அது பிடித்திருக்கிறது போலிருக்கிறது.