வீட்டில் பிரேக் ஆயில் மாற்றும் கருவிகள்: பல வருடப் புழக்கத்தில் எது நிலைக்கிறது, எது ஏமாற்றுகிறது

பிரேக் ஆயில் மாற்றக் கருவி வாங்க நினைப்பவர்கள் முதலில் பம்ப்பைத்தான் தேடுகிறார்கள். ஆனால் வேலை கெடுவது பெரும்பாலும் காலிப்பரில் (சக்கரத்தில் பிரேக் பேடுகளை அழுத்தும் பாகம்) இருக்கும் அந்தச் சின்ன ப்ளீடர் நிப்பிளில்தான், அதாவது பழைய ஆயிலையும் காற்றையும் வெளியே விடும் திருகில்தான். முதல் செலவு அங்கேதான் இருக்க வேண்டும்.

நிப்பிளின் தலை 7 மி.மீ. முதல் 11 மி.மீ. வரை ஏதாவது ஒரு அளவில் இருக்கும். முன் சக்கரத்தில் ஓர் அளவு, பின் சக்கரத்தில் வேறு அளவு என்பதும் சகஜம். ஓப்பன் ஸ்பானரை இதில் வைக்கவே கூடாது, இரண்டே முயற்சியில் மூலைகள் மழுங்கிவிடும். பன்னிரண்டு மூலை ரிங் ஸ்பானரும் துருப்பிடித்த தலையில் வழுக்கும். ஆறு மூலை சாக்கெட்டால் முதல் பிடியைத் தளர்த்திவிட்டு, பிறகு ஆறு மூலை ரிங் ஸ்பானருக்கு மாறுவதே பாதுகாப்பு. இறுகிப்போன நிப்பிளில் துரு இளக்கும் எண்ணெயை முந்தின நாளே விட்டு வைத்து, சுத்தியலால் லேசாகத் தட்டி, முதலில் மயிரிழை அளவு இறுக்கும் பக்கம் திருப்பிவிட்டுத் தளர்த்தினால் உடையும் வாய்ப்பு வெகுவாகக் குறையும். ஸ்பானரை முதலில் மாட்டிவிட்டு அதன் மேல் டியூப்பைச் செருக வேண்டும். வரிசை மாறினால் டியூப்பைக் கழற்றி மறுபடி தொடங்க வேண்டியதுதான்.

டியூப் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். மலிவான கிட்டோடு வரும் பி.வி.சி. டியூப் சில மாதங்களில் மஞ்சளாகி விறைத்து, நிப்பிளைவிட்டு நழுவும். உள்விட்டம் சுமார் 5 மி.மீ. உள்ள ஒளிபுகும் சிலிக்கான் டியூப் நிப்பிளைக் கவ்விப் பிடிக்கும், பல வருடம் மென்மையாகவே இருக்கும். டியூப் நிப்பிளிலிருந்து மேல்நோக்கி ஒரு வளைவு போட்டுப் பிறகு பாட்டிலுக்கு இறங்கட்டும். அப்போதுதான் குமிழ்கள் மேலேறி ஓடுவது கண்ணுக்குத் தெரியும்.

இனி முறைகள். ஒருவர் பெடலை மிதிக்க, இன்னொருவர் நிப்பிளைத் திறந்து மூடுவது மிகப் பழைய வழி, இன்றைக்கும் நம்பகமானது. அதில் ஒரே ஆபத்து, பழைய மாஸ்டர் சிலிண்டர், அதாவது பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கடத்தும் உருளை. தினசரி ஓட்டத்தில் பிஸ்டன் போகாத ஆழத்தில் துருவும் கசடும் படிந்திருக்கும். பெடலைத் தரை வரை மிதித்தால் ரப்பர் சீல் அந்தக் கரடுமுரடான இடத்தில் உரசிக் கிழியும். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்துவிட்டால் போதும். பெடல் மேலே வருவதற்கு முன்பே நிப்பிளை மூட வேண்டும், இல்லையென்றால் அது காற்றைத் திரும்ப இழுத்துக்கொள்ளும்.

ஒரு ஆள் வேலைக்கு, ஆயிலை வெளியே மட்டும் விடும் ஒருவழி வால்வு வைத்த பாட்டில் கிடைக்கிறது. புதிதில் நன்றாகவே வேலை செய்யும். நாளடைவில் வால்வில் கசடு ஒட்டி, ஒருநாள் சத்தமில்லாமல் காற்றைத் திரும்ப விடும். ஒவ்வொரு முறையும் ஒரு சிரிஞ்சால் இரு பக்கமும் அழுத்திப் பார்த்த பிறகே பயன்படுத்த வேண்டும். வாயால் ஊதிப் பார்க்காதீர்கள், பிரேக் ஆயில் நச்சு.

மிக அதிகமாக விற்பதும் மிக அதிகமாகக் குழப்புவதும் நிப்பிளிலிருந்து ஆயிலை உறிஞ்சி இழுக்கும், கையால் இயக்கும் வாக்யூம் பம்ப்தான். நிப்பிளைத் திறந்து இழுத்ததும் சோடா பாட்டில் போலப் பொடிக் குமிழ்கள் நிற்காமல் வரும். பலர் இதை சிஸ்டத்தில் காற்று என்று நினைத்து அரை லிட்டர் ஆயிலை வீணடிக்கிறார்கள். உண்மையில் நிப்பிள் அடைப்பது அதன் கூம்பு நுனியில்தான், மரையில் இல்லை. நுனி விலகியதும் மரை வழியாக வெளிக்காற்று உள்ளே வரும், பம்ப் அதையும் சேர்த்து இழுக்கும். பெடல் முறையிலோ, பின்னால் வரும் பிரஷர் ப்ளீடரிலோ ஆயில் வெளியே தள்ளப்படுவதால் இந்த வழியில் காற்று நுழையாது. கால் சுற்றுக்கு மேல் திறக்காமல், நிப்பிளின் அடியைச் சுற்றிக் கெட்டியான சிலிக்கான் கிரீஸ் தடவினால் குமிழ் குறையும், முற்றிலும் நிற்காது. டெஃப்லான் டேப்பை மரையில் சுற்றுபவர்கள் நுனிக்கும் பக்கத் துளைக்கும் அருகே அது வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கிழிந்த துணுக்கு காலிப்பருக்குள் போனால் வேறு தலைவலி. ரிசர்வாயரிலிருந்து (மாஸ்டர் சிலிண்டருக்கு மேலுள்ள ஆயில் டப்பா) பழைய ஆயிலை உறிஞ்ச வாக்யூம் பம்ப் அருமையான கருவி, ஆனால் பிரேக் குழாய்களிலிருந்து காற்றை வெளியேற்ற மட்டும் அதை நம்பி வாங்க வேண்டாம்.

வால்வு உள்ளேயே வைத்த மாற்று நிப்பிள்களும் உண்டு. பழைய நிப்பிளின் மரை விட்டம், பிட்ச் (மரைகளுக்கு இடையிலான தூரம்), நீளம் மூன்றும் பொருந்த வேண்டும், தோராயமாக வாங்கினால் காலிப்பரின் மரையே போகும். மரையில் பூசிய அடைப்புப் பசை பலமுறை திறந்து மூடும்போது தேயும்.

இவை எல்லாவற்றையும் தாண்டித் தனி ஆளுக்குச் சரியாக நிற்பது பிரஷர் ப்ளீடர்: பூச்சிமருந்து தெளிப்பான் போன்ற ஒரு தொட்டி, ஒரு அளவி, ரிசர்வாயர் மூடிக்குப் பதிலாக மாட்டும் அடாப்டர். இதை வாங்கும்போது தொட்டியைவிட அடாப்டரைத்தான் பார்க்க வேண்டும். பல ஐரோப்பியக் கார்களுக்கு 45 மி.மீ. மரை மூடி சரியாக உட்காரும். ‘எல்லாக் காருக்கும்’ என்று சங்கிலி கட்டி இறுக்கும் தட்டை அடாப்டர் சாய்ந்த வாய் உள்ள ரிசர்வாயர்களில் ஒழுகும். ஒழுகும் பிரேக் ஆயில் பெயின்ட்டை உரிக்கும். சிந்தினால் துடைக்காதீர்கள், உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

முதலில் தொட்டியில் ஆயில் ஊற்றாமலே 10 பி.எஸ்.ஐ. (டயர் காற்றை அளக்கும் அதே அழுத்த அலகு) வரை அடித்து மூன்று நிமிடம் அளவியின் முள்ளைக் கவனியுங்கள். இறங்கினால் மூடியின் ரப்பர் வளையத்தைப் பாருங்கள், இந்தக் கருவியில் முதலில் காய்ந்து போவது அதுதான். முள் நின்றால் அழுத்தத்தை விட்டுவிடுங்கள். ரிசர்வாயரின் பழைய ஆயிலை உறிஞ்சும்போது அடித் துளைகள் தெரியாத அளவுக்கு விட்டுவைத்து, புதியதை நிரப்புங்கள். பிறகு தொட்டியில் ஒரு லிட்டர் ஊற்றி 10 முதல் 15 பி.எஸ்.ஐ. வரை போதும். 20-ஐத் தாண்டினால் ரிசர்வாயர் தன் ரப்பர் இருக்கையிலிருந்து கழன்றுவிடும் ஆபத்து உண்டு.

சக்கர வரிசையைக் காரின் கையேடு சொல்லும். பொதுவாக மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தூரத்தில் இருப்பது முதலில். முதல் சக்கரத்தில் சுமார் 250 மி.லி., மற்றவற்றில் 150 முதல் 200 மி.லி. வெளியேற்றலாம். நிறம் மாறியதை வைத்து நிறுத்தாதீர்கள், பழையதும் புதியதும் ஒரே நிறத்தில் இருக்கலாம். அளவுக்கோடு போட்ட பாட்டிலே சரியான சாட்சி. எல்லாம் முடிந்ததும் நிப்பிள்களை மூடி, தொட்டியின் அழுத்தத்தை விட்ட பிறகே அடாப்டரைக் கழற்ற வேண்டும். ரிசர்வாயரில் ஆயில் மேல்கோட்டைத் தாண்டியிருக்கும், சிரிஞ்சால் இறக்குங்கள். தொட்டியை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் கழுவி முழுக்கக் காயவிடுங்கள். பெட்ரோலோ மண்ணெண்ணெயோ துளி பட்டாலும் பிரேக் சீல்கள் ஊதிக் கெடும்.

ஆயிலைப் பொறுத்தவரை, பாட்டிலில் போட்டிருக்கும் தரக் குறியீடுகளில் டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் ஈரத்தை இழுக்கும் கிளைகால் வகை. டாட் 5 சிலிக்கான், அதைக் கலக்கவே கூடாது. டாட் 4-ன் கொதிநிலை புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் அந்த வரம்பு 155. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதனால்தான். திறந்து வைத்த பழைய பாட்டில் மிச்சத்தை ஊற்ற வேண்டாம், அதுவும் ஈரத்தை இழுத்திருக்கும்.

ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) பெட்டிக்குள் காற்று புகுந்துவிட்டால் எந்தப் பம்ப்பும் போதாது, வால்வுகளை இயக்கும் ஸ்கேன் கருவி தேவை. ரிசர்வாயரை வற்றவிடாமல் வெறும் ஆயில் மாற்றம் மட்டும் செய்தால் பெரும்பாலும் அந்த நிலை வராது. காலிப்பரைக் கழற்றி மாட்டியிருந்தால் நிப்பிள் மேல்பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். இடம் வலம் மாறி நிப்பிள் கீழே இருந்தால் எத்தனை லிட்டர் விட்டாலும் பெடல் பஞ்சாகத்தான் அமுங்கும்.

காரை நகர்த்துவதற்கு முன் இன்ஜின் அணைத்த நிலையில் பெடல் கெட்டியாகும் வரை மிதித்து, 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள், இறங்கக் கூடாது. அப்படியே இன்ஜினை ஸ்டார்ட் செய்தால் சற்றே இறங்கி நிற்கும், அது பூஸ்டர் (பெடலின் மிதிக்கு இன்ஜின் உதவி சேர்க்கும் பாகம்) வேலை செய்வதன் அடையாளம். கடைசியாக நான்கு நிப்பிள்களுக்கும் ரப்பர் மூடியைப் போடுங்கள். மூடி இல்லாத நிப்பிளின் துளையில் சேறும் தண்ணீரும் இறங்கி உள்ளிருந்தே துருப்பிடிக்கும், அடுத்த முறை ஸ்பானர் பட்டதும் உடைவது அந்த நிப்பிள்தான்.