பழைய மெத்தைகளைப் பிரித்து எடுத்துச்செல்லும் காரைக்குடிக் கடை: ஒரு மதிப்பீடு

செட்டிநாட்டு வீடுகளில் கழிக்கப்படும் பொருள்களில் பெரும்பாலானவற்றுக்கு வாங்க ஆள் உண்டு. தேக்குக் கதவு, பெல்ஜியம் கண்ணாடி, எனாமல் தூக்கு, பீங்கான் ஜாடி என்று எதை வெளியே எடுத்தாலும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைக்காரர்கள் விலை பேசி எடுத்துக்கொள்வார்கள். உடைந்த பித்தளை அண்டாவும் எடைக்குப் போய்விடும். மெத்தை மட்டும் யாருக்கும் வேண்டாம். கல்யாணச் சீராக வந்த பஞ்சு மெத்தைகள், பின்னாளில் வாங்கிய தென்னை நார் மெத்தை, வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகளுக்காக வாங்கிப்போட்ட ஸ்பிரிங் மெத்தை என்று தலைமுறைக்கு ஒன்றாக இரண்டாம் கட்டு அறைகளில் அடுக்கிக்கிடக்கும். வாசலுக்கு வரும் குப்பை வண்டியில் அவற்றை ஏற்ற மாட்டார்கள். ஆகவே கண்மாய்க் கரையில் போட்டுத் தீ வைப்பது பல ஊர்களில் பழக்கமாகிவிட்டது. திடக்கழிவைத் தெருவில் எறிவதையும் எரிப்பதையும் 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் தடை செய்தன. விதி ஒருபுறம் இருக்க, மெத்தைக்குள் இருக்கும் ஃபோம் எரியும்போது கார்பன் மோனாக்சைடோடு ஹைட்ரஜன் சயனைடும் வெளிவருகிறது என்பதைத் தெரிந்துகொண்ட எவரும் அந்தப் பக்கம் நிற்கமாட்டார்கள்.

காரைக்குடியில் பஞ்சு மெத்தையும் தலையணையும் தைத்துக்கொடுக்கும் சிறிய கடை ஒன்று, வீட்டுக்கே வந்து பழைய மெத்தைகளைப் பிரித்து, பகுதி பகுதியாக எடுத்துச்செல்லும் வேலையையும் செய்துவருகிறது. கானாடுகாத்தானில் உள்ள எங்கள் குடும்ப வீட்டைப் பங்காளிகள் கூடி ஒழுங்குபடுத்தியபோது எல்லா வகை மெத்தைகளையும் இவர்களிடமே ஒப்படைத்தோம். ஸ்பிரிங் மெத்தைக்கு 500 ரூபாயும் நார் மெத்தைக்கு 300 ரூபாயும் கூலி. பஞ்சு மெத்தையில் பஞ்சை அவர்களிடமே விட்டுவிட்டால் கூலி கிடையாது. வண்டி வாடகை தனி.

பஞ்சு மெத்தையில்தான் இவர்களுடைய கைத்திறன் தெரிகிறது. வளவில், அதாவது வீட்டின் நடு முற்றத்தில், காற்று சுழலும் என்பதால் உள்கூடத்தில் கதவுகளைச் சாத்திக்கொண்டு, தார்ப்பாய் விரித்து, மூக்கையும் வாயையும் துண்டால் கட்டிக்கொண்டு வேலையைத் தொடங்கினார்கள். பஞ்சு நகராதிருக்க நடுவில் குத்தியிருந்த நூல் முடிச்சுகளை முதலில் வெட்டினார்கள். பிறகு தலைமாட்டுத் தையலை மட்டும் பிரித்து, மெத்தையின் வாயோடு சாக்கின் வாயைச் சேர்த்துக் கட்டி, வெளியிலிருந்து தட்டியும் உருட்டியும் பஞ்சை அப்படியே சாக்குக்குள் தள்ளினார்கள். கூடத்தில் பஞ்சு பறக்கவில்லை. மேல்துணி கிழியாமல் முழுதாகக் கைக்கு வந்தது. அந்தக் காலத்துக் கோடு போட்ட மெத்தைத் துணி எவ்வளவு நெருக்கமான நெசவு என்பதை அதைத் துவைத்துக் காயப்போட்டபோதுதான் பார்த்தோம். தலையணை உறைக்கு அது இன்னும் பல ஆண்டுகள் தாங்கும்.

வேலைக்கு வந்த மூத்தவர் ஒவ்வொரு சாக்கிலிருந்தும் ஒரு பிடி பஞ்சை எடுத்து விரலிடையே தேய்த்துப் பார்த்துவிட்டு எங்கள் பெரியம்மாவிடம், “மேல கிடந்த ரெண்டும் இலவம்பஞ்சு ஆச்சி, அடியில இருந்தது பருத்தி. மெஷின்ல போட்டா பருத்தி எந்திரிச்சு வரும். இலவம் பாதி தூளாப் போயிரும், சொல்லலைன்னு வேணாம்” என்றார். இது சரியான பேச்சு. இலவம்பஞ்சின் இழை குட்டையானது, வழுவழுப்பானது, எளிதில் நொறுங்குவது. அதனால்தான் அதை நூலாக நூற்பதில்லை. இழை உள்ளீடற்றதாகவும் மெழுகுப் பூச்சு உடையதாகவும் இருப்பதால் தண்ணீரை உறிஞ்சாது, முற்காலத்தில் உயிர்காப்பு மிதவை உடுப்புகளிலும் அதை அடைத்தார்கள். அத்தனை நல்ல குணம் இருந்தும், பல்லாண்டு உடம்பின் கீழ் நசுங்கிய இலவம்பஞ்சைப் பஞ்சு அடிக்கும் இயந்திரத்தில் கொடுத்தால் கணிசமான பகுதி தூசியாகவே வெளியேறும். ‘அடித்துப் புதிதுபோல் தருகிறோம்’ என்று ஆசை காட்டாமல், தேறுவதை எடுத்துத் தலையணையில் அடைக்கலாம், மெத்தைக்குப் போடிப் பக்கத்திலிருந்து வரும் புதுப் பஞ்சைத்தான் கலக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொன்னதற்காகவே இந்தக் கடைக்கு நான் நல்ல மதிப்பெண் கொடுப்பேன். பருத்தி மெத்தையை மட்டும் அடித்துத் திரும்ப வாங்கிக்கொண்டோம்; அதற்குத் தனிக் கூலி, குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஸ்பிரிங் மெத்தையில் வேலை வேறு விதம். விளிம்பைச் சுற்றித் தைத்திருக்கும் பட்டையை வளைந்த சிறு கத்தியால் நான்கு புறமும் அறுத்து மேல்துணியை உரித்ததும், அதன் கீழே ஃபோமும், அதற்கும் கீழே துணிக் கழிவை அழுத்திச் செய்த தடித்த விரிப்பும், கடைசியில் கம்பிச் சுருள்களின் கூடும் தெரிந்தன. அந்த விரிப்பைக் கூட்டோடு பிணைத்திருந்த கம்பி வளையங்களைக் குறடால் ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தார்கள். இழுத்துக் கிழித்தால் விரைவில் முடிந்துவிடும். ஆனால் வளையங்கள் தெறித்து ஆத்தங்குடிக் கல் பதித்த தரையைக் கீறும், வெறுங்காலில் நடப்பவர் பாதத்தில் ஏறும். வேலை முடிந்தபின் பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்றைக் கயிற்றில் கட்டிக் கூடம் முழுவதும் இழுத்தார்கள்; அதில் ஒட்டிக்கொண்டு வந்த வளையங்களைப் பார்த்தபோது, இதை நாமே செய்துகொள்ளலாம் என்ற எண்ணம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் போய்விட்டது. கம்பிக் கூடு பத்துப் பதினைந்து கிலோ எடை இருக்கும். அது பழைய இரும்புக் கடைக்குப் போய் உருக்கப்படும். இந்த இரும்புக் காசு மெத்தைக் கடைக்காரருக்கே. அதற்கு மேல் 500 ரூபாய் கூலியும் கேட்பது சிலருக்கு அதிகமாகப் படலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஏனெனில் அந்தக் கூட்டை நசுக்காமல் கொண்டுபோனால் குட்டியானை வண்டியின் பாதி இடத்தை அதுவே அடைத்துக்கொள்ளும், இரும்புக் கடைக்காரரும் முகம் சுளிப்பார். ஒவ்வொரு சுருளையும் தனித்தனித் துணிப் பைக்குள் வைத்துத் தைத்த புது வகை மெத்தையென்றால் கூலி இன்னும் கூடுதல் என்கிறார்கள்; பையைக் கிழித்துச் சுருளை உருவுவது முடிவில்லாத வேலை என்பதால் அதிலும் நியாயம் இருக்கிறது.

நார் மெத்தையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. முறுக்கிய தென்னை நாரில் ரப்பர் பாலைத் தெளித்துச் சூட்டில் இறுக்கிச் செய்வதால் நாரையும் ரப்பரையும் பிரிக்க முடியாது, எளிதில் மக்கவும் மக்காது. பலகை பலகையாக அறுத்துச் செடித் தொட்டிகளின் அடியில் இடுவதற்கும், கண்ணாடிச் சாமான் கட்டும் கடைகளுக்கும் கொடுக்கிறார்கள்.

குறை என்று சொல்ல வேண்டியது ஃபோமில்தான். ‘எல்லாம் மறுசுழற்சிக்குப் போகிறது’ என்று தொலைபேசியில் சொன்னார்கள். மெத்தையில் உள்ள பாலியூரித்தேன் ஃபோமை நெகிழிக் குடத்தைப்போல உருக்கி மறுபடி வார்க்க இயலாது. துண்டாக்கி, பசையிட்டு அழுத்தி, ‘ரீபாண்டட்’ ஃபோமாக மாற்றலாம், அதற்கும் துண்டுகள் காய்ந்து சுத்தமாக இருக்க வேண்டும். எங்கள் ஸ்பிரிங் மெத்தையின் மேலடுக்கு மஞ்சளித்து, தொட்டால் உதிரும் நிலையில் இருந்தது. நேரில் அழுத்திக் கேட்டபோது, “இதை எவனும் வாங்க மாட்டான் அண்ணே, குப்பைக் கிடங்குக்குத்தான்” என்று ஒப்புக்கொண்டார்கள். முதலிலேயே இதைச் சொல்லியிருக்கலாம். பஞ்சில் காட்டிய நேர்மையை ஃபோமிலும் எதிர்பார்ப்பது அதிகப்படியான ஆசை அல்ல.

மூட்டைப்பூச்சி இருக்கிறதா என்று வருவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது மற்றொரு குறை. தையல் மடிப்புகளில் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் அந்த மெத்தையை இருக்கும் அறையிலேயே நெகிழித் தாளால் சுற்றி ஒட்டிவிட்டுத்தான் நகர்த்த வேண்டும். அடுத்த வீட்டுப் பஞ்சோடு ஒரே வண்டியில் ஏற்றினால் பூச்சியும் சேர்ந்தே ஊர் சுற்றும். எங்கள் மெத்தைகளில் பூச்சி இல்லை. எனினும் இவர்களை அழைப்பவர்கள் தாங்களே டார்ச் அடித்துப் பார்த்துக்கொள்வது நல்லது; அடித்த பஞ்சைத் திரும்ப வாங்குவோர், தங்கள் சாக்கில் பெயர் எழுதித் தனியே கட்டச் சொல்வதும் நல்லது.

தை, ஆவணி போன்ற முகூர்த்த மாதங்களில் புது மெத்தை தைக்கும் வேலை குவிந்துவிடுவதால் பிரிக்கும் வேலைக்கு ஆள் அனுப்ப மாட்டார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையிலும் வரத் தயங்குகிறார்கள். பங்குனி, சித்திரையில் சொல்லிவைத்தால் ஆளும் கிடைக்கும், பிரித்த துணியையும் அடித்த பஞ்சையும் மொட்டைமாடி வெயிலில் நன்றாகக் காயவைத்துக்கொள்ளவும் முடியும்.