50 ரூபாய் டிக்கெட், ஒரு டீ, இரண்டு நிமிஷம் மைக்

பெங்களூர் அல்சூர் ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலையிலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு மாடி ஹாலில், மாதம் ஒரு ஞாயிறு சாயங்காலம் தமிழில் உரிமைக் கூட்டம் நடக்கிறது. நுழைவு 50 ரூபாய், டீ உட்பட. நடத்துகிறவர்கள் பெயரைச் சொல்லவில்லை, குறையும் எழுதப் போகிறேன், தெரிந்த முகங்கள் வேறு.

போன மாதத் தலைப்பு, பெங்களூரில் போராட்டம் என்றால் ஏன் ஃப்ரீடம் பார்க் மட்டும்? பேசியவர் கோலார் தங்கவயல்காரரான ஒரு வக்கீலம்மா. நன்றாகவே பேசினார். அரசியல் சட்டத்தின் 19(1)(b) ஆயுதமில்லாமல் அமைதியாகக் கூட உரிமை தருகிறது, அதற்குக் கட்டுப்பாடு போடலாம் என்கிற 19(3)-இல் நாட்டின் இறையாண்மை, ஒருமைப்பாடு, பொது ஒழுங்கு என்றுதான் இருக்கிறது, டிராஃபிக் என்ற சொல்லே கிடையாது என்றார். ஆனால் பொது இடத்தைக் காலவரையறை இல்லாமல் பிடித்துக்கொண்டு உட்காரக் கூடாது என்று 2020-இல் டெல்லி ஷாஹீன் பாக் சாலை மறியல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் மறைக்கவில்லை, அது எனக்குப் பிடித்தது. அப்புறம் 2021-இல் வந்த போலீஸ் கமிஷனர் உத்தரவு, அதோடு ஊர்வலம் தர்ணா எல்லாம் அந்தப் பார்க்குக்குள் போய்விட்ட கதை. எமர்ஜென்சியில் வாஜ்பாயியையும் அத்வானியையும் அடைத்து வைத்திருந்த பழைய சென்ட்ரல் ஜெயில்தானே அது, 2008-இல் பார்க் ஆயிற்று. "ஜெயிலுக்குள்ள போய்த்தான் சுதந்திரம் கேக்கணும்" என்று பின்னாலிருந்து ஒரு பெரியவர் சொன்னார், நல்ல சிரிப்பு. அதே பெரியவர்தான், "நம்ம வள்ளுவரே 1991-லிருந்து 2009 வரைக்கும் துணிக்குள்ள இருந்தவர்தானே" என்றும் போட்டார், ஏரிக்கரைச் சிலையைத் திறக்காமல் மூடியே வைத்திருந்ததைத்தான் சொல்கிறார்.

கையில் எடுத்துக்கொண்டு வர ஒரு பக்கத் தாள் கொடுத்தார்கள். கைது செய்தால் பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும், பெண்ணை சூரியன் மறைந்த பிறகு கைது செய்யக் கூடாது, செய்தே ஆக வேண்டுமென்றால் பெண் அதிகாரியும் மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதியும் வேண்டும், இப்படி. எழுத்து பெரிசு, என் அம்மாவே கண்ணாடி இல்லாமல் படித்துவிட்டார். தாளுக்கே 50 ரூபாய் சரியாகிவிட்டது.

இப்போது குறை. வக்கீலம்மாவுக்கு 40 நிமிடம், தலைவருக்கு 20, நன்றியுரைக்குக் கூட பத்து. கேள்விக்கு மிச்சம் கொஞ்சம்தான். கடைசி வரிசையில் பச்சைச் சேலையில் ஒரு அக்கா, துப்புரவு வேலை பார்க்கிறவர், ரொம்ப நேரமாகக் கையைத் தூக்கிக்கொண்டே இருந்தார், மைக் அவரைத் தாண்டி இரண்டு தடவை போயிற்று. கிடைத்ததும் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"2022 ஜூலையில நாங்க அந்தப் பார்க்லதான் நாலு நாள் உக்காந்தோம் சார். வேலையை நிரந்தரமாக்குறோம்னு வாக்கும் வந்துச்சு. ஆனா பார்க்ல உக்காந்ததைப் பாத்து இல்ல. தெருவுல குப்பை அள்ளாம கெடந்துச்சு, அதைப் பாத்துதான். குப்பை இல்லாத வேலைக்காரங்க அங்க உக்காந்தா யாரு பாப்பாங்க?"

ஹாலே கொஞ்சம் அமைதியாகிவிட்டது. வக்கீலம்மா பேனாவை எடுத்து எதையோ குறித்துக்கொண்டார். அக்கா இன்னும் பேச வாயெடுத்தார், அதற்குள் ஒரு தம்பி, "நேரமாச்சு அக்கா, டீ ஆறிடும்" என்று மைக்கை வாங்கிக்கொண்டார். கூடிப் பேசும் உரிமையைப் பற்றிய கூட்டம் இது! டீ வேறு ஏற்கெனவே ஆறித்தான் இருந்தது.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். நன்றியுரையை வெட்டிவிட்டுக் கேள்விக்கு அரை மணி விட்டால் நாலரை தருவேன். லிஃப்ட் இல்லை, முழங்கால் வலிக்காரர்கள் யோசித்து வாருங்கள். வண்டி நிறுத்த இடமும் கிடையாது, அல்சூர் மெட்ரோவில் இறங்கி நடப்பதே மேல். ஃபேன் இருப்பது முன்வரிசைக்கு மட்டும். நான் அடுத்த மாதமும் போவேன், இந்தத் தடவை கடைசி வரிசையில் அந்த அக்கா பக்கத்தில் உட்காரலாம் என்று இருக்கிறேன், டீ குடிக்கும்போதாவது மீதியைக் கேட்கலாம்.