மணலும் மலையும் ஒரே பக்கேஜில் என்று சொல்பவரிடம் காசு கட்டாதீர்கள்

நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களும், அவர்களுக்காக இங்கே பயணம் ஒழுங்கு செய்கிறவர்களும் இதைக் கட்டாயம் வாசியுங்கள். படுக்கை வைத்த வான், வடமராட்சியில் மணற்காடு ஊரில் ஓர் இரவு, மாத்தளைப் பக்கம் றிவர்ஸ்டனில் ஓர் இரவு, எல்லாம் ஒரே விலையில் என்று முகநூலில் விளம்பரம் செய்யும் ஒருவர் எங்களை ஏமாற்றிவிட்டார்.

கனடாவிலிருந்து அத்தான் குடும்பம் வந்திருந்தது. யூட்டா பாலைவனம், ராக்கி மலை என்று கோடையில் வான் ஓட்டிப் போய்த் தங்கிப் பழகியவர் அவர். பிள்ளைகளுக்கு நம்முடைய மணலையும் மலையையும் காட்ட ஆசைப்பட்டார். வாகனம் நிற்க இறுகின தரை இருக்கிறதா, குடிதண்ணீர் இருக்கிறதா, கழிப்பறை இருக்கிறதா என்று போனில் ஒவ்வொன்றாகக் கேட்டார். "பஸ்ஸே நிற்கும் அண்ணை, பயப்படாதேங்கோ" என்று பதில் வந்தது. முழுக் காசையும் முதலே வங்கியில் போடச் சொன்னார்கள். போட்டோம்.

அவர்கள் அனுப்பிய இடக்குறிப்பு எங்களைச் சவுக்குத் தோப்பு தாண்டி நேரே மணலுக்குள் கொண்டுபோய் விட்டது. ஹைஏஸ் வானின் பின் சில்லுகள் அச்சு வரைக்கும் இறங்கிவிட்டன. கழிப்பறை என்று இருந்த தகரக் கொட்டில் பூட்டிக் கிடந்தது. பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உவர். ஆவணி மாதச் சோளகக் காற்று வேறு மணலை வாரி இறைத்தது. அந்தக் காற்றில் அங்கே கூடாரம் அடிக்க முடியாது என்பது வடமராட்சியில் எல்லோருக்கும் தெரியும், அந்த விளம்பரக்காரருக்கும் தெரியும்.

போன் எடுத்தால், "மணல் எண்டா புதையத்தானே செய்யும் அண்ணை, உழவு மெசின் அனுப்புறன், அதுக்குக் காசு வேற" என்றார். மெசின் உடனேயே வந்து நின்றது. கரையில் வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்த ஐயா ஒருவர் பிறகு சொன்னார், அந்த மெசினும் அவருடையதுதானாம், இது வழக்கமாக நடப்பதாம். வானைப் புதைய விட்டு இழுப்பதே அவருக்கு இரண்டாவது வருமானம்! எனக்கு வயிறு எரிந்தது அப்போதுதான். அந்த ஐயாவும் பொடியன்களும் எங்கள் டயர்களில் காற்றைப் பாதிக்கு இறக்கி, சில்லுக்கு முன்னால் கிடுகு போட்டு, ஒரு சதமும் வாங்காமல் வானை வெளியே எடுத்துத் தந்தார்கள். மணற்காட்டுச் சனங்களை யாரும் குறை சொல்லக் கூடாது என்பதற்காகவும் இதை எழுதுகிறேன்.

மலையில் நடந்தது இன்னும் மோசம். ஏ9 வழியாகத் தம்புள்ளை, மாத்தளை, இரத்தோட்டை என்று பகல் முழுக்க ஓடி, கொண்டையூசி வளைவுகளில் ஏறிப் போய்ச் சேர்ந்தால், அவர் பதிவு செய்ததாகச் சொன்ன இடம் வனவளத் திணைக்களத்தின் காட்டுக்குள் இருந்தது. றிவர்ஸ்டன் இருக்கும் நக்கிள்ஸ் மலைக்காடு 2010 முதல் உலக மரபுரிமைப் பகுதி. அனுமதி இல்லாமல் அங்கே இரவு தங்க முடியாது. உத்தியோகத்தர்கள் மரியாதையாகத் திருப்பி அனுப்பினார்கள், அவர்களில் பிழையே இல்லை. குளிரிலும் காற்றிலும் பிள்ளைகளோடு இருட்டில் திரும்ப இறங்கினோம். காசைத் திருப்பிக் கேட்டதும் எங்கள் இலக்கத்தைத் தடுத்துவிட்டார்.

வானில் போகிறீர்கள் என்றால், பருத்தித்துறைப் பக்கம் வளவு உள்ள விடுதி ஒன்றில் நிறுத்திவிட்டு, பின்னேரம் மணற்காட்டுக்குப் போய் மணலில் பாதி புதைந்த பழைய அந்தோனியார் கோயிலையும் பார்த்து வாருங்கள். மலையில், உரிமையாளர் அங்கேயே குடியிருக்கும் தனியார் காணியாகத் தேடுங்கள். காசு போடுமுன் அந்த இடத்தில் நின்றே வீடியோ அழைப்பு எடுக்கச் சொல்லுங்கள், தரையையும் கிணற்றையும் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் அப்புறம் பேச்சு வேண்டாம். காட்டுக்குள் என்றால் அனுமதிக் கடிதத்தின் படம் கேளுங்கள். மிச்சக் காசை இடத்துக்குப் போய்ப் பார்த்த பிறகு கொடுங்கள்.

நாங்கள் வங்கிச் சீட்டையும் குறுஞ்செய்திகளையும் வைத்துப் பொலிஸில் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம். நுகர்வோர் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கும் அறிவித்தோம். இதே ஆளிடம் காசு இழந்தவர்கள் இருந்தால் நீங்களும் முறைப்பாடு கொடுங்கள். பக்கத்தின் பெயரை இப்போது மாற்றிவிட்டார், ஆனால் படங்கள் பழையவைதான்: மணல்மேட்டில் வெள்ளை வான், பக்கத்தில் செம்மஞ்சள் கூடாரம்.