புது பிரேக் பேட் போட்டபின் வீல் கொதித்தால் "செட் ஆகிடும்" என்ற பேச்சை நம்பாதீர்கள்

கடலூர், புதுச்சேரி பக்கம் பிக்கப், குட்டி யானை ஓட்டுபவர்கள், குறிப்பாக மீன் லோடு அடிப்பவர்கள், இதைக் கட்டாயம் படியுங்கள். பேட் மாற்றிய பிறகு வீல் சூடாகிறது என்று போய்ச் சொன்னால், "புது பேட்ணே, ஓட ஓட செட் ஆகிடும்" என்பார்கள். முதல் கொஞ்ச தூரம் லேசாகக் கருகல் வாசனை வருவது சகஜம்தான். ஆனால் ஒரு பக்க வீல் மட்டும் கிட்டே கை கொண்டுபோக முடியாதபடி கொதித்தால், பிரேக் பிடித்தபடியே வண்டி ஓடுகிறது என்று அர்த்தம். அது ஓட ஓட மோசமாகத்தான் ஆகும்.

என் பிக்கப்பில் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். கடலூரில் ஒரு பட்டறையில் முன் பேட்களை மாற்றினேன். பேட், பிரேக் ஆயில், இரண்டு பக்கத்துக்கும் காலிப்பர் கிட் (பேடை டிஸ்க்கில் அழுத்திப் பிடிக்கும் காலிப்பருக்கான புது ரப்பர் செட்), லேபர் என்று பில்லில் தனித்தனியாக எழுதிப் பணம் வாங்கிக்கொண்டார்கள். முதுநகரில் மீன் பெட்டி ஏற்றிப் புதுச்சேரிக்குக் கிளம்பினேன். ரெட்டிச்சாவடி தாண்டும்போதே வண்டி இழுக்கத் திணறியது. ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்தால் உருளாமல் நிற்கப் பார்க்கிறது. தவளக்குப்பம் அருகே ஓரங்கட்டினால் இடது முன் வீலில் புகை. அந்த நேரத்தில் தண்ணீர் ஊற்றச் சொல்லிப் பலர் வருவார்கள். ஊற்றாதீர்கள். கொதிக்கிற டிஸ்க் கோணிக்கொள்ளும், வெடிப்பும் விடலாம். தானாக ஆறட்டும்.

பட்டறைக்குத் திரும்பக் கொண்டுபோனதும் முதலில் அந்த "செட் ஆகிடும்" பாட்டு. விடாமல் கேட்டதும், "காலிப்பரே போச்சு, டிஸ்க்கோட சேர்த்து மாத்தணும்" என்றார்கள். இப்போதுதானே கிட் போட்டீர்கள் என்று கேட்டதற்கு, "உப்புக் காத்துல அப்படித்தாண்ணே" என்று பதில்.

அப்புறம் அரியாங்குப்பத்தில் தனியாக வேலை பார்க்கும் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன். அந்த அண்ணன் எந்தப் பார்ட்ஸ் பெயரையும் எடுக்கவில்லை. ஜாக்கி போட்டு வீலைக் கையால் சுற்றிப் பார்த்தார், அசையவில்லை. காலிப்பரில் ஏர் எடுக்கும் நிப்பிளை லேசாகத் திறந்தார். இந்தச் சோதனையை எல்லா டிரைவரும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். நிப்பிளைத் திறந்ததும் வீல் ஃப்ரீயாகிவிட்டால் உள்ளே ஆயில் பிரஷர் மாட்டிக்கொண்டு நிற்கிறது என்று பொருள். ரப்பர் ஓஸ் உள்பக்கம் அடைத்திருக்கலாம், அல்லது பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் அதைத் திரும்ப விடாமல் இருக்கலாம், பெடல் ராடுக்கு ஃப்ரீ ப்ளே (சும்மா ஆடும் இடைவெளி) இல்லாமலும் இருக்கலாம். திறந்த பிறகும் வீல் இறுக்கமாகவே இருந்தால் கோளாறு பேடைத் தள்ளும் பிஸ்டனிலோ, காலிப்பர் நகர்கிற பின்களிலோ, பேட் உட்காரும் இடத்திலோ இருக்கிறது. என் வண்டியில் இறுக்கம் விடவே இல்லை.

கழற்றிப் பார்த்தால் வயிறு எரிந்தது. காலிப்பர் நகர்கிற பின்கள் இரண்டும் துருப்பிடித்து, சொட்டு கிரீஸ் இல்லாமல் ஜாம். பின்களை மூடும் பூட் ரப்பர் பழையது, விரிசல் விட்டது. பிஸ்டன் ரப்பரும் அப்படியே. வலது பக்கமும் இதே கதை. பில்லில் இருந்த கிட் வண்டியில் இல்லவே இல்லை. தேய்ந்த பேடுக்கு ஏற்ப வெளியே வந்து நின்ற பிஸ்டனை நெம்பி உள்ளே தள்ளி, தடிமனான புது பேடை இறுக்கிச் சொருகியிருக்கிறார்கள், அவ்வளவுதான். அந்தப் பின்கள் நகராததால் பிரேக்கை விட்டாலும் பேட் டிஸ்க்கை விட்டு விலகவில்லை.

உப்புக் காற்றும், பெட்டியிலிருந்து ஒழுகும் ஐஸ் தண்ணீரும் பின்னை அரிக்கும் என்பது உண்மை. அதனால்தான் நம் ஊரில் பேட் மாற்றும்போதே பின்னைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். லேபர் வாங்குவதே அதற்குத்தானே! கிரீஸும் ரப்பருக்கு ஒத்துப்போகிற பிரேக் கிரீஸாக இருக்க வேண்டும். சாதாரண கிரீஸ் வைத்தால் ரப்பர் உப்பி மறுபடி பிடித்துக்கொள்ளும்.

புது ரப்பர் போட்டு, பின்னைத் தேய்த்து மாட்டியதும் வீல் கையால் சுற்றியது. டிஸ்க்கின் தடிமனை அளந்து, மாற்ற வேண்டியதில்லை என்றார். ஆயிலை மட்டும் முழுதாக மாற்றச் சொன்னார். டாட் 3 தர பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் இழுத்த பிறகு அந்த வரம்பு 140 தான். கொதித்து ஆவியானால் பெடல் தரை வரை போகும், பிரேக் பிடிக்காது. லோடு வண்டியில் அது நடந்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே பதறுகிறது.

இனி எந்தப் பட்டறையானாலும் கழற்றிய பழைய ரப்பரையும் கிட் கவரையும் கையில் வாங்கிய பிறகு பணம் கொடுங்கள். வண்டியை எடுக்கும் முன் இரண்டு முன் வீலையும் தூக்கிச் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். லேசான உரசல் சத்தம் பரவாயில்லை, கைக்குச் சுற்ற வேண்டும்.

போடாத கிட்டுக்கு வாங்கிய பணத்தைக் கேட்டேன், தரவில்லை. லோடு வண்டிக்கு நுகர்வோர் வழக்குப் போட முடியாது என்று வேறு மிரட்டினார்கள். அது பொய். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டும் வண்டி வைத்திருப்பவரும் நுகர்வோர்தான். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு 2 ஆண்டுக்குள் போகலாம், 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. பில்லும், பழைய ரப்பரின் படங்களும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.