20 வருட டானி போர்ட்: மொட்டை மாடியில் குடித்துப் பார்த்தது

சிங்கப்பூர் மச்சான் இந்தத் தடவை விஸ்கியை விட்டுவிட்டு கிரஹாம்ஸ் கம்பெனியின் டானி போர்ட்டில் 10 வருடம் ஒன்று, 20 வருடம் ஒன்று என இரண்டு பாட்டில் கொண்டுவந்தார். போர்ட் என்பது போர்ச்சுகலின் டோரோ பள்ளத்தாக்கு இனிப்பு ஒயின், டானி என்றால் அதில் மரப் பீப்பாயில் வருடக்கணக்கில் பக்குவப்படுத்திய வகை. திராட்சைச் சாறு புளித்துக்கொண்டிருக்கும்போதே திராட்சைச் சாராயத்தை ஊற்றிப் புளிப்பதை நிறுத்திவிடுவார்கள், அதனால் இனிப்பு உள்ளேயே தங்கிவிடுகிறது, ஆல்கஹாலும் 20 சதவீதத்தைத் தொடுகிறது. தித்திக்கிறதே என்று டம்ளரில் ஊற்றினால் அப்புறம் மாடிப்படி இறங்குவது கஷ்டம்.

முதல் நாள் சொதப்பல், தப்பு எங்களுடையது. சித்திரை மாதம், மொட்டை மாடி, பாட்டிலை அப்படியே திறந்துவிட்டோம். மூக்கருகே கொண்டுபோனால் சாராய நெடி மட்டும்தான். "என்ன மாப்ளே, இருமல் மருந்து மாதிரி இருக்கு" என்றார் மச்சான். ரூம் டெம்பரேச்சரில் குடிக்கலாம் என்று எழுதுகிறவர்கள் மதுரை ரூமை நினைத்து எழுதுவதில்லை.

மறுநாள் ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு எடுத்தோம். அது வேறு சாமான்! மச்சானின் வெள்ளை வேட்டிக்கு எதிரே கிளாஸைச் சாய்த்துப் பார்த்தால் 10-இல் இன்னும் சிவப்பு மிச்சம் இருக்கிறது, 20 ஓரத்தில் தேன் நிறத்துக்கு வெளுத்திருக்கிறது. மரப் பீப்பாயில் காற்றோடு பழகிப் பழகி வந்த நிறம் அது. வறுத்த முந்திரி, காய்ந்த அத்திப்பழம், ஆரஞ்சுத் தோல், கடைசியில் லேசாகக் கருப்பட்டி. ஒரு மடக்கு விழுங்கியதும் டேங்க் நிரம்பி வழிகிற சத்தம் கேட்டது, கீழே ஓடி மோட்டாரை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தபோதும் நாக்கில் அந்த முந்திரி ருசி போகவில்லை.

10 வருடம் பழ ருசிதான், கம்பம் பன்னீர் திராட்சையைக் காயவைத்துத் தின்கிற மாதிரி. நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் சீக்கிரம் மறைந்துவிடுகிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவோடு குடிப்பதென்றால் இதுவே போதும், 20-ஐ அந்த இனிப்பு அமுக்கிவிடும். 20-க்கு உப்பு முந்திரி நாலு போதும். ஜிகர்தண்டாவோடு முயற்சி செய்ததைப் பற்றி எழுதப் போவதில்லை.

வாங்குகிறவர்களுக்கு ஒன்று. 20 என்பது ஒவ்வொரு சொட்டின் வயதும் இல்லை, பல வயதுப் பீப்பாய்களைக் கலந்து அந்த ருசிக்குக் கொண்டுவருவது. பாட்டிலில் அடைத்த பிறகு இது மேற்கொண்டு பக்குவப்படாது, அதனால் பரணில் போட்டு வைக்காதீர்கள். பின் லேபிளில் பாட்டிலில் அடைத்த வருடத்தைப் பார்த்து வாங்குங்கள். 20-இன் விலை 10-ஐவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. வெறுமனே உட்கார்ந்து உறிஞ்சுகிற ஆள் என்றால் கொடுக்கலாம்.

திறந்து மூன்றாவது வாரம், ஃபிரிட்ஜில் மாவுச் சட்டிக்குப் பக்கத்தில் 20 நாலு விரல் மிச்சம் இருக்கிறது, ருசி இன்னும் இறங்கவில்லை. அடுத்த தடவை மடேரா என்கிற இன்னொரு போர்ச்சுகல் ஒயினைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். அதைச் சூட்டில் வைத்தே பக்குவப்படுத்துகிறார்கள், நம்ம ஊர் வெயிலுக்குப் பயப்படாது.