சுடுதண்ணிக்கு 8 டாலர் 26 சென்ட்

சுற்றுலாக் கப்பல்ல கடைசி நாள் ராத்திரி நாங்க தூங்கிட்டிருக்கும்போதே கதவுக்கு அடியில பில்லைச் செருகிட்டுப் போயிட்டாங்க. ரெண்டு பக்கம், பொடிப்பொடியா இங்கிலீஷ் எழுத்து. திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில 19 வருசமா கணக்கு எழுதறேன். பில்லுன்னு ஒண்ணு கைக்கு வந்தா வரிவரியாப் பார்க்காம எடுத்து வைக்க எனக்கு வராது. கட்டில் ஓரத்துல உக்காந்து பென்சில்ல டிக் போட்டுக்கிட்டே வந்தேன். மொத்தம் 486 அமெரிக்க டாலர் 57 சென்ட். டிக்கெட் காசு போக, கப்பலுக்குள்ள நாலு ராத்திரியில ஏறுன செலவு இது. பேங்க் போடற மார்க்கப், அது மேல ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து எங்க கார்டுல ஒரு டாலர் 86 ரூபா 80 பைசாவுக்கு விழுந்துச்சு. ஆக 42 ஆயிரத்துக்கு மேல.

2024 மே மாசம், பிள்ளைகளுக்கு லீவு விட்டப்போ போனோம். கோயமுத்தூர்ல இருந்து நேரா சிங்கப்பூர் ஃபிளைட், அங்க மெரினா பே துறைமுகத்துல கப்பல் ஏறி பினாங்கு, புக்கெட் பார்த்துட்டுத் திரும்ப சிங்கப்பூர். நானு, வீட்டுக்காரரு, பிள்ளைங்க ரெண்டு பேரு, எங்க அத்தை. அத்தைக்கு 72 வயசு. காங்கயம் பக்கம் எங்க ஊருல இன்னமும் ரெண்டு எருமை வெச்சுப் பால் ஊத்தறாங்க. கடலை அவங்க பார்த்ததெல்லாம் திருச்செந்தூர்லயும் ராமேஸ்வரத்துலயும் கரையில நின்னுதான். "ஒருக்கா கப்பல்ல போயி நடுக்கடலைப் பாத்தரோணும் கண்ணு"ன்னு சொல்லி, சிறுவாட்டுல சேர்த்த பால் காசு 60 ஆயிரத்தைச் சுருக்குப் பையோட எங்கிட்டக் குடுத்தாங்க. அந்தக் காசுக்குக் கணக்கு சொல்ற பொறுப்பு எனக்கு இருக்கு.

கப்பல் பேரையும் ஏஜென்ட் பேரையும் எழுதலீங்க. ஆளை ஏத்தினதுக்கு அப்புறம் ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியாக் காசு போடற இந்த வழக்கம் பல கப்பல்லயும் இருக்கு. ரூம் சர்வீஸையே எடுத்துக்கங்க, ஒரு காலத்துல பெரும்பாலும் டிக்கெட்டுக்குள்ளயே இருந்தது. நார்வீஜியன் கம்பெனி 2015-லயும் ராயல் கரீபியன் 2017-லயும் ஒரு ஆர்டருக்கு 7.95 டாலர்னு வாங்க ஆரம்பிச்சாங்க. தொகை கம்பெனிக்குக் கம்பெனி மாறும், வருசத்துக்கு வருசம் ஏறும். காலையில ரொட்டி, காபி மட்டும் கொண்டு வந்தா சில கம்பெனியில காசு கிடையாது.

எங்க கப்பல்ல நடந்ததைச் சொல்றேன். ஏறும்போதே ஸ்கேனர்ல எங்க எலக்ட்ரிக் கெட்டிலைப் பிடிச்சு வெச்சுக்கிட்டாங்க. ரசீது குடுத்து, இறங்கறப்போ வாங்கிக்கச் சொன்னாங்க. இதுல எனக்கு வருத்தமே இல்லை. சூடாகற காயில் வெச்ச சாமான் எதையும் கப்பல்ல அறைக்குள்ள விடமாட்டாங்க, இஸ்திரிப் பெட்டியும் அப்படித்தான். நடுக்கடல்ல தீப்பிடிச்சா எங்க ஓடறது? ஆனா அறைக்குள்ள அவங்க கெட்டிலும் இல்லை. அப்போ ஒரு டம்ளர் சுடுதண்ணி வேணும்னா என்ன வழின்னு அந்த ஸ்கேனர் கிட்டயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

ரெண்டாம் நாள் பொழுதோட அத்தைக்குத் தலை கிறுகிறுக்க ஆரம்பிச்சிருச்சு. அலை ஒண்ணும் பெருசா இல்லை. கப்பல் நின்ன இடத்துலயே மெல்ல ஆடற மாதிரிதான் எங்களுக்குத் தெரிஞ்சது. அவங்களுக்கு வாந்தி நிக்கலை. போனை எடுத்து ரூம் சர்வீஸ்ல வெறும் சோறு, தயிர், ஒரு ஃபிளாஸ்க் சுடுதண்ணி கேட்டேன். "நிச்சயமா மேடம்"னு மரியாதையாப் பேசினாங்க. முக்கால் மணி நேரத்துல தட்டு வந்தது. கொண்டு வந்த பையன் தூத்துக்குடிப் பக்கமாம். அத்தை படுத்திருக்கறதைப் பார்த்ததும் "பாட்டி, எலுமிச்சம்பழம் கொண்டாரட்டா?"ன்னு தமிழ்ல கேட்டான். அவங்க முகத்துல அப்பத்தான் கொஞ்சம் தெம்பு வந்தது.

கையெழுத்துக்கு ஒரு சீட்டு நீட்டினான். விளக்கு மங்கல், கண்ணாடி பையில இருந்தது. போட்டுக் குடுத்துட்டேன். அதே மாதிரி ராத்திரி 11 மணிக்கு இன்னொரு ஃபிளாஸ்க். விடியக்காலம் 5 மணிக்கு எலுமிச்சம்பழமும் உப்பும். மூணு தரம் கூப்பிட்டேன், மூணு சீட்டுல கையெழுத்து.

அந்த மூணு சீட்டையும் எடுத்து வெச்சிருந்ததால இப்போ முதல் சீட்டை நிதானமாப் படிக்க முடியுது. முதல் வரி: சோறு, சைபர். ரெண்டாவது: தயிர், சைபர். மூணாவது: சுடுதண்ணி, சைபர். அதுக்குக் கீழ கொண்டு வந்த கூலி 7 டாலர். அதுக்கும் கீழ, அந்தக் கூலி மேல சேவைக் கட்டணம் 18 சதவீதம், 1 டாலர் 26 சென்ட். ஆக 8.26. இதோட முடியலை. கடைசியில புள்ளி வெச்ச ஒரு காலி வரி, "கூடுதல் டிப்ஸ்"னு. 18 சதவீதம் ஏற்கெனவே மேல இருக்கறது தெரியாம அந்தக் கோட்டுலயும் ஒரு தொகை எழுதறவங்க நெறையப் பேரு இருப்பாங்க. நானும் முதல் சீட்டுல எழுதத்தான் போனேன். அந்தப் பையனே "அதை விட்ருங்க அக்கா, மேலயே போட்டிருக்கு"ன்னு மெதுவாச் சொன்னான்.

ஆக மூணு நடைக்கு 24 டாலர் 78 சென்ட். நம்ம காசுக்கு 2,150 ரூபா. சாமானுக்கு விலை இல்லை, நடைக்குத்தான் விலை. இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா முதல் தடவையே ரெண்டு ஃபிளாஸ்க், நாலு எலுமிச்சம்பழம், உப்பு எல்லாம் ஒரே ஆர்டர்ல சொல்லியிருப்பேன். இல்லைன்னா அதுவும் வேண்டாம். பஃபே இருக்கற மாடியில டீ, காபி, சுடுதண்ணி மெஷின் ராத்திரி முழுக்க ஓடிட்டிருந்தது, காசு கிடையாது. மூணாம் நாள்தான் அது எனக்குத் தெரிஞ்சது. எங்க தளத்துல இருந்து லிஃப்டுல ரெண்டே நிமிசம்.

விலை எங்கயும் எழுதலைன்னு சொல்ல முடியாது. மேஜை டிராயர்ல பைபிள் கனத்துக்கு ஒரு புத்தகம் இருந்தது. அதுல ஸ்பா விலைக்கும் லாண்டரி விலைக்கும் நடுவுல ஒரு வரி போட்டிருந்தாங்க. சீக்காளி பக்கத்துல உக்காந்திருக்கறவங்க அந்தப் புத்தகத்தைப் புரட்டுவாங்களா? போன்ல பேசின அம்மா "இதுக்கு 7 டாலர் ஆகும், பரவாயில்லைங்களா?"ன்னு ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். மூணு தரம் பேசினாங்க. ஒரு தரமும் கேட்கலை.

எனக்கு இது ஏன் இவ்வளவு உறுத்துதுன்னு சொல்றேன். எங்க திருப்பூரு கப்பலுக்குச் சரக்கு அனுப்பற ஊரு. ஒரு டி-ஷர்ட்டுக்கு பையருக்கு எஃப்ஓபி விலை குடுத்தா அதுக்குள்ள நூல், நிட்டிங், டையிங், கட்டிங், பவர் டேபிள் கூலி, செக்கிங், அயர்னிங், பாலி பை, அட்டைப் பெட்டி, தூத்துக்குடி வரைக்கும் லாரி வாடகை, துறைமுகச் செலவு அத்தனையும் அடக்கம். கப்பல்ல ஏத்தற வரைக்கும் எங்க பொறுப்பு. சரக்கு போனதுக்கு அப்புறம் "பட்டன் தைச்ச கூலி தனியா அனுப்புங்க"ன்னு ஒரு மெயில் போட்டா அந்த பையர் மறுபடி நம்ம கேட்டுக்குள்ள கால் வைக்க மாட்டாரு. காஸ்டிங் ஷீட்ல கால் பைசா விட்டுப்போனாலும் நஷ்டம் நம்மளுது. பருத்தி விலை ஏறி நாங்க முழி பிதுங்கின வருசத்துலயும் ஒத்துக்கிட்ட விலையை மாத்தலை. அதே கடல்ல, அதே மாதிரி ஒரு கப்பல்ல ஆளை ஏத்தினதுக்கு அப்புறம் விலை சொல்றதை என்னால ஏத்துக்க முடியலை.

எச்சாத் தொகை போனது டிப்ஸ்லதான். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 16 டாலர், குழந்தைக்கும் அதே. அஞ்சு பேரு, நாலு நாளு, 320 டாலர். பால் காசு 60 ஆயிரத்துல 27 ஆயிரத்துக்கு மேல இதுலயே போயிருச்சு. "சாப்பாடு, தங்கறது, ஷோ எல்லாம் உள்ளயே மேடம்"னு ஏஜென்ட் சொன்னாரு. அவரு குடுத்த தாள்ல மூணாவது பக்கத்துல "கிராஜுவிட்டி தனி"ன்னு ரெண்டே வார்த்தை. கிராஜுவிட்டின்னா இந்த டிப்ஸ்தான். எவ்வளவுன்னு எண் கிடையாது. கவுன்டர்ல சொன்னா இதைக் குறைப்பாங்க, எடுத்தும் விடுவாங்கன்னு கப்பல்ல பழக்கமான ஒரு குடும்பம் சொன்னாங்க. நான் எடுக்கச் சொல்லலை. எங்க ரெண்டு அறையையும் பார்த்துக்கிட்டவரு இந்தோனேசியாக்காரரு. ஒரு நாளைக்கு ரெண்டு தரம் வந்து சுத்தம் பண்ணாரு. அத்தை வாந்தி எடுத்த துணியை முகம் சுளிக்காம எடுத்துட்டுப் போனாரு. மறுநாள் அவரா அறைக் கதவைத் தட்டி எப்படி இருக்காங்கன்னு சாடையில கேட்டாரு. கப்பல்ல இந்த மாதிரி வேலை செய்யற நிறையப் பேருக்கு வருமானத்துல ஒரு பெரிய பங்கு இந்த டிப்ஸ்தான். அதுல கை வைக்க மனசு வரலை. டிக்கெட் எடுக்கும்போதே அந்த 320-ஐ விலையோட சேர்த்துச் சொல்லியிருந்தா சந்தோசமாக் குடுத்திருப்பேன்.

அந்தத் தூத்துக்குடிப் பையன்கிட்ட 7 டாலர் உனக்கு வருமான்னு கேட்டேன். "தனியா எங்க கைக்கு வராதுக்கா, மொத்தமாப் போயி எப்படியோ பிரியும்"னான். ஒன்பது மாச கான்ட்ராக்ட், முடிய இன்னும் அஞ்சு மாசம் இருக்காம். விடியக்காலம் எலுமிச்சம்பழம் கொண்டு வந்தப்போ அத்தை எந்திரிச்சு உக்காந்து, "வா சாமி, அம்மா அப்பனெல்லாம் சௌக்கியமா இருக்காங்களா?"ன்னு விசாரிச்சாங்க. சுருக்குப் பையில இருந்து பத்து சிங்கப்பூர் வெள்ளி நோட்டை எடுத்து அவன் கையில திணிச்சாங்க. வேண்டாம்னு ரெண்டு தரம் சொன்னான், மூணாம் தரம் வாங்கிக் கண்ணுல ஒத்திக்கிட்டான். அந்தப் பத்து வெள்ளி எந்தப் பில்லுலயும் வரலை.

மத்த செலவைச் சுருக்கமாச் சொல்லிடறேன். வைஃபை ஒரே போனுக்கு 72 டாலர். வீட்டுக்காரரு ஒரு ஷிப்மென்ட் விசயமாப் பேச வேண்டியிருந்ததால வேற வழியில்லை. நீங்க கப்பல் ஏறினவுடனே போனை ஏரோபிளேன் மோடுக்கு மாத்திடுங்க. கரை மறைஞ்சதும் கப்பலோட சாட்டிலைட் டவரை அதுவாப் பிடிச்சுக்கும், அதோட ரோமிங் ரேட் நம்ம ஊரு பேக்குக்குள்ள பெரும்பாலும் வராது. பிள்ளைங்க நாலு கிளாஸ் ஜூஸ் குடிச்சதுக்கு 18 சதவீதம் சேர்த்து 42.48. அறையில கண்ணுக்கு எதிர்ல வெச்சிருந்த தண்ணி பாட்டிலை என் மகன் திறந்துட்டான், 5.31. கழுத்துல ஒரு அட்டை மாட்டியிருந்தது, அதுலதான் விலை. பஃபேல தண்ணி சும்மா கிடைக்குது, காலி பாட்டில் ஒண்ணு கையோட வெச்சுக்கங்க. குமட்டல் மாத்திரை கவுன்டர்ல கேட்டேன், காசில்லாமக் குடுத்தாங்க. அது நல்ல விசயம். டாக்டரைப் பார்க்கணும்னா 100 டாலருக்கு மேல ஆகும்னு அங்கேயே சொல்லிட்டாங்க. கேட்காமலே சொன்ன ஒரே விலை அதுதான்.

பினாங்குல கப்பல்காரங்க டூர் எடுக்காம வெளிய வேன் பேசிக்கிட்டோம், பாதிக் காசு கூட ஆகலை. ஆனா நேரத்துக்குத் திரும்பறது நம்ம பாடு, தனியாப் போனவங்களுக்காகக் கப்பல் காத்திருக்காது. தண்ணிமலை முருகன் கோயிலுக்கு ஐந்நூறு படிக்கு மேல ஏறணும். அத்தையால முடியலை, கீழ நகரத்தார் கோயில்ல உக்காந்து கும்பிட்டுக்கிட்டாங்க.

ஃபோட்டோ ஒண்ணு 22 டாலர். அந்த ஒரு வரிக்கு மட்டும் பென்சில் டிக்கை அழுத்திப் போட்டேன். நாலாம் நாள் உடம்பு தேறி, மேல் தளத்துல கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, சீலை காத்துல படபடக்க அத்தை நிக்கறாங்க. பின்னாடி சுத்தியும் தண்ணி. கேட்ட விலையைக் குடுத்து வாங்கினேன். விலையை முன்னாடி எழுதிப் போட்டிருந்தாங்க, பார்த்தேன், வாங்கினேன். இதைத்தான் எல்லாத்துக்கும் கேட்கறேன்.

இறங்கற நாள் காலையில 6 மணிக்கே கவுன்டர் வரிசையில நின்னேன். எனக்கு முன்னாடி இருபது பேரு, எல்லார் கையிலயும் அதே ரெண்டு பக்கத் தாள். என் முறை வந்ததும் மூணு சீட்டையும் காட்டி, போன்ல விலை சொல்லவே இல்லைன்னு சொன்னேன். மேனேஜரைக் கேட்டுட்டு ரெண்டு நடையை எடுத்துட்டாங்க, ஒண்ணு நின்னுருச்சு. 16 டாலர் 52 சென்ட் திரும்ப வந்தது. பக்கத்துல நின்ன அத்தைக்கு விசயத்தைச் சொன்னேன். "ஒறம்பரை சீக்கா இருக்கறப்போ சுடுதண்ணிக்குமா கண்ணு காசு வாங்கறாங்கொ?"ன்னு கேட்டாங்க. எங்க பக்கம் விருந்தாளியை ஒறம்பரைன்னுதான் சொல்லுவோம்.

அறை, சாப்பாடு, ஆளுங்க மூணுக்கும் முழு மார்க். பஃபேல பருப்பு, சோறு, ரொட்டி நித்தமும் இருந்தது, சைவக்காரங்க பட்டினி கிடக்க வேண்டியதில்லை. விலை சொல்ற விதத்துக்கு என்னால மார்க் போட முடியாது. மொத்தமா அஞ்சுக்கு மூணு. ஏஜென்ட் பில்லுல 5 சதவீதம் டிசிஎஸ், அதாவது வெளிநாட்டு டூருக்கு முன்கூட்டியே பிடிக்கற வரி, பிடிச்சிருந்தாங்க, வருமான வரி ரிட்டர்ன் போடும்போது அதைக் கணக்குல எடுத்துக்க மறந்துடாதீங்க.

வீடு வந்ததும் கம்பெனிக்கு மெயில் போட்டேன். ரூம் சர்வீஸ் போன் மேல "ஒரு நடைக்கு 7 டாலர், 18 சதவீதம் தனி, சுடுதண்ணி பஃபே மாடியில இலவசம்"னு ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்கன்னு கேட்டிருந்தேன். மூணு வாரம் கழிச்சுப் பதில் வந்தது. பயணம் செஞ்சதுக்கு நன்றி, அடுத்த டிக்கெட்டுக்குத் தள்ளுபடி உண்டுன்னு இருந்தது. ஸ்டிக்கரைப் பத்தி ஒரு வரியும் இல்லை. அந்த மூணு சீட்டையும் ஸ்கேன் பண்ணி மறுபடியும் அனுப்பியிருக்கேன்.